தாத்தா வீட்டுத் துப்பாக்கியும் 1801 பிரகடனமும்

பரம்பரையாக ஒரு துப்பாக்கி கைக்கு வந்தால் அதோடு ஒரு கதையும் சேர்ந்து வரும். வில்லாபுரம், அவனியாபுரம் முதல் மேற்கே உசிலம்பட்டி வரை, மதுரைச் சீமையில் அந்தக் கதை பாளையக்காரர் பக்கம் சாய்வது இயல்பு: மருது பாண்டியர் படையில் இருந்தது, கும்பினிக்காரனை எதிர்த்துச் சுட்டது என்று. இந்த மண்ணில் நடந்த போருக்கு அது மரியாதைதான். ஆனாலும் இங்கே பிழைத்திருக்கும் பழைய துப்பாக்கி பெரும்பாலும் கலகத்தின் வழியே வந்ததாக இருக்காது, அனுமதியின் வழியே வந்ததாகவே இருக்கும் என்பது என் வாதம். அதன் இரும்பைப் படித்தால் அந்தக் குடும்பத்தை எந்த அரசாங்கம் நம்பியது, எந்த அளவுக்கு நம்பியது என்பது தெரியவரும்.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஐந்தாறு வாரத்தில், டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்சீமைப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். அதற்கு முன்பு பாளையப் படைகளிடம் பெரும்பாலும் இருந்தவை நீண்ட ஈட்டி, வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி ஆகியவைதான். கும்பினிப் படையிடம் சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறக்கும் துப்பாக்கி இருந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, அது தீப்பிடிக்கும் இடத்தை. அங்கே கேப்பு மாட்டும் சிறு முளை இருந்தால், அந்த முறை பிரிட்டிஷ் படைக்கே 1840-களில்தான் பரவலாக வந்தது. பின்பக்கம் திறந்து தோட்டா போடுவதாக இருந்தால் இன்னும் பிந்தியது. அந்தப் படைக்குப் பொதுவாக வழங்கப்பட்ட முதல் பின்திறப்புத் துப்பாக்கியான ஸ்னைடர் 1866-ஐச் சேர்ந்தது. அதன் பின் 1878 ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அதே வட்டாரத்தில் அதே காலத்தில் ஒரு வீட்டுச் சுவரில் துப்பாக்கி வெளிப்படையாகத் தொங்க முடிந்ததென்றால், அந்த வீட்டின் மேல் சர்க்காருக்கு இருந்த நம்பிக்கை சாதாரணமானதல்ல.

இந்த நம்பிக்கைக்கு அளவுகோல் உண்டு. அது குழலின் உள்ளேயே இருக்கிறது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு என்ஃபீல்டு துப்பாக்கியைக் கொடுத்தபோது, குண்டைச் சுழற்றித் தூரம் கொண்டு செல்லும் மரைகளை எடுத்துவிட்டு வழவழப்பான குழலாகவே கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் பட்டாள அளவான .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. பட்டாளத் தோட்டா பொருந்தாத .315 ரைபிள் உரிமக்காரர்களுக்கென்று உருவானது. போலீசுக்கும் காவலர்களுக்கும் .410 மஸ்கட் என்று ஒன்று உண்டு: அதே லீ-என்ஃபீல்டு, ஆனால் குழலில் மரை கிடையாது, பத்துத் தோட்டா நிற்கும் பெட்டிக்குப் பதிலாக மரத்துண்டை அடைத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக்கியிருப்பார்கள். லீ-என்ஃபீல்டு கையில் இருந்தால், கட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கும் இரும்பின் வலப்பக்கத்தைத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற அரசர் முத்திரை, இஷாப்பூர் என்ற பெயர், ஆண்டு, மாதிரி எண் வரிசையாகத் தெரிந்தால் அது வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. பர்மிங்காமில் சோதிக்கப்பட்ட இரட்டைக் குழல் துப்பாக்கியில் முத்திரைகள் குழலின் அடிப்பக்கம் இருக்கும். கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி. எழுத்துகள் இருந்தால் 1904-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

பறிமுதலுக்குத் தப்பி வைக்கோல் போரிலும் பரணிலும் ஒளித்த துப்பாக்கி இல்லையா என்று கேட்கலாம். இருந்திருக்கும். ஆனால் அது திரியோ கல்லோ கொண்டதாக இருக்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க வழியில்லை. முத்திரையும் பொய் சொல்லுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான்: கொல்லர்கள் உள்ளூரில் செய்த துப்பாக்கியிலும் சீமை முத்திரையைப் பார்த்து வெட்ட முடியும், பழைய விசைத் தகட்டைப் புதுக் குழலில் பொருத்தவும் முடியும். அதனால்தான் ஒரு முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. எழுத்தின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, குழலிலும் விசையிலும் எண் ஒத்துப்போகிறதா, தீப்பிடிக்கும் முறை அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பக் கதையைக் குலைக்கிறோமே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காத்த நாட்டுத் துப்பாக்கிக்கும் வரலாறு இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது.

எதையும் தொடும் முன் மருந்து உள்ளே இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி பல பத்தாண்டு கெட்டித்தபடியே கிடக்கலாம். இடிக்கும் கம்பியை உள்ளே விட்டு அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒப்பிட்டால், அடிவரை போனதா என்று விளங்கும்; சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே சரி. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959 சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மற்றதற்கெல்லாம் வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவருக்கு இரண்டுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டாம், முத்திரை போய்விடும். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்: துப்பாக்கியின் வகையும் எண்ணும், எந்தக் காரணத்துக்காக அனுமதி என்பதும் அதில்தான் எழுதியிருக்கும்.