வரிப்படிவத்தில் ஒரு சைபர்

வரிக்காலத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது, எழுபது தாண்டிய அம்மா ஒருவர் 'ஒன்ராறியோ சுகாதாரப் பிரீமியம்' என்ற வரியைக் காட்டினார்.

"தம்பி, இதிலை எனக்கு சைபர் எண்டு கிடக்கு. காசு கட்டாமல் டொக்டரிட்டைப் போகலாமோ?"

படியேறினால் மூச்சு வாங்குகிறதாம். அந்தப் பயத்தில் ஒரு வருடமாக வைத்தியரிடம் போகவில்லை.

பிழை அவரில் இல்லை, பெயரில்தான். கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதி 1962 ஜூலை 1 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் தொடங்கியது. வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். 1966 இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவர, 1969 இல் ஒன்ராறியோவும் சேர்ந்தது. அப்போது இங்கே உண்மையாகவே பிரீமியம் இருந்தது. 80களில் வந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பலருக்கு வேலைத்தலம் கட்டியது. 1990 ஜனவரியில் அதை நிறுத்தி, முதலாளிமாரிடம் சம்பளத் தொகைக்கு வரி வாங்கத் தொடங்கினார்கள். 2004 இல் மக்கின்ரி அரசு பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்துப் புதிய வரி ஒன்றுக்குச் சூட்டியது. வரிக்குரிய வருமானம் 20,000 டொலர் வரை சைபர், உச்சம் 900 டொலர். இது வெறும் வருமானவரி. சைபர் என்றாலும் சுகாதார அட்டை செல்லும். கணக்கியல் பரீட்சையில் இப்படிப் பெயர் வைத்தால் நான் புள்ளி போடமாட்டேன்.

(அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் வேறு திட்டம். 2012 இல் வெட்டப்பட்டு 2016 இல் முழுதாக மீண்டது. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.)

அம்மாவின் பயத்துக்கு இன்னொரு காரணம், சுவிஸில் இருக்கும் மகள். அங்கே 1996 முதல் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, தனியார் காப்புறுதிக்கு மாதாமாதம் கட்டவேண்டும். பெரியவர்களுக்கு வருடத்தில் முதல் 300 பிராங்காவது கைக்காசு. முதலில் குடும்ப வைத்தியரிடமே போவேன் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். கட்டத் தவறியோரின் கறுப்புப் பட்டியலைச் சில கன்ரன்கள் வைத்திருந்தன. அதில் விழுந்தவருக்கு அவசர சிகிச்சை மட்டுமே. பிரித்தானியாவில் 1948 முதல் பெரும்பாலும் வரிப்பணம். ஜெர்மனியில் 1883 இல் தொடங்கிய முறைப்படி சம்பளத்தில் பிடிப்பார்கள். எங்கள் குடும்பங்கள் நாலு நாட்டில். தொலைபேசியில் நாலு சட்டமும் கலந்துவிடுகிறது.

அம்மாவின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அங்கிருந்தே வைத்தியருக்கு அழைத்தோம். அடுத்தநாள் காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.