ஏவுவோனும் சார்ந்து பேசுவோனும்: கல்கத்தா நூலொன்று காட்டும் சொற்பொருள் வேறுபாடு

ஒரு கருத்திற்கு ஆதரவாக வாதிடுவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் பலவும் நீதிமன்றத்தோடு உறவுடையன. 'அட்வகேட்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். 'துணைக்கு அழைக்கப்பட்டவர்' என்பது அதன் இலத்தீன் மூலப் பொருள். பெயராக வருமிடத்து அது 'ஃபார்', 'ஆஃப்' என்னும் முன்னுருபுகளுள் ஒன்றைப் பெறும். வினையாக வருமிடத்துச் செயப்படுபொருளை நேரே ஏற்பதே மரபு. இச்சொல்லை வினையாக ஆள்வதையே பெஞ்சமின் பிராங்ளின் 1789இல் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய மடலில் கடிந்துள்ளார். இன்று அவ்வினையோடு 'ஃபார்' சேர்ந்து வருதலும் பெருவழக்காயிற்று.

இச்சொல் இந்திய மொழியொன்றின் சொல்லுக்கு ஈடாக நின்ற வரலாறு கல்கத்தாவில், அதாவது இன்றைய கொல்கத்தாவில், காணப்படுகிறது. அங்கு 1774இல் உச்சநீதிமன்றம் அமைக்கப்பட்டது. வழக்குரைஞர்களைப் பதிவுசெய்யும் அதிகாரம் அதற்கு இருந்தது. ஆகவே, 'அட்வகேட்' என்பது அந்நகரில் ஒரு தொழிலின் பெயராகவும் வழங்கியது.

1818இல் இராம்மோகன் ராய் உடன்கட்டை ஏறுதலை மறுத்து வங்காளத்தில் உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் உரையாடுவோர் இருவர். ஒருவர் பிரவர்த்தகர், மற்றவர் நிவர்த்தகர். அதே ஆண்டில் வந்த ஆங்கிலப் பெயர்ப்பின் தலைப்பில் முன்னவர் அவ்வழக்கத்திற்கான 'அட்வகேட்' ஆகவும், பின்னவர் அதன் எதிர்ப்பாளராகவும் மாறினர். 1820இல் வந்த இரண்டாம் உரையாடலின் ஆங்கிலத் தலைப்பும் அவ்வாறே அமைந்தது.

இவ்விணைகள் பொருளால் ஒத்தவை அல்ல. பிரவர்த்தகர் என்பார் பிறரைச் செயலில் செலுத்துபவர். நிவர்த்தகர் அதனின்று மீட்பவர். விதி செயலில் செலுத்தும், விலக்கு செயலினின்று மீட்கும் என்னும் மீமாம்சைக் கருத்து இச்சொற்களின் பின்னணியில் உள்ளது. வங்காளச் சொல் பேச்சின் விளைவைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல் பேசுவோர் நிற்கும் பக்கத்தைக் காட்டுகிறது. கைம்பெண்ணைப் பிணத்தோடு பிணித்து, எழ இயலாதவாறு விறகடுக்கும் கொடுமையை நூலின் நிவர்த்தகர் சுட்டுகிறார். மற்றவர் நாட்டு வழக்கத்தைத் துணைக்கொள்கிறார். மூலத்தில் இவ்விடை செயலைத் தூண்டுபவரின் விடை. ஆகவே விளைவின் பொறுப்பும் அவரைச் சார்கிறது. பெயர்ப்பில் அது ஒரு கட்சியின் வாதமாக மட்டும் நின்றுவிட இடமுண்டு.

ஆங்கிலச் சொல்லின் இவ்வியல்பைப் பின்னர் நிகழ்ந்த வழக்கொன்று தெளிவாக்குகிறது. 1829 டிசம்பர் 4ஆம் நாள் பெண்டிங்க் பிரபுவின் ஆட்சி 17ஆம் ஒழுங்குவிதியால் உடன்கட்டையைத் தடை செய்தது. அதனை எதிர்த்த வைதிகர்கள் 1830இல் தர்ம சபையை நிறுவி, இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தனர். அவர்களுக்காக வாதிட்டவர்களுள் ஒருவர் ஸ்டீபன் லஷிங்டன். அடிமை முறை ஒழிப்பிற்கு உழைத்தவர். 1832இல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. லஷிங்டன் அவ்வழக்கில் 'அட்வகேட்' ஆவார், பிரவர்த்தகர் ஆகார். வாதத்தையும் வாதிடுவோரின் கொள்கையையும் பிரித்துக் காண ஆங்கிலச் சொல் இடந்தருகிறது.

தமிழில் இரு நோக்கிற்கும் சொற்கள் உள. சிவஞான சித்தியாரின் பரபக்கம், சுபக்கம் என்னும் பகுப்பு 'பக்கம்' என்னும் கருத்தை உடையது. பரிமேலழகர் அறத்தை விளக்குமிடத்து ஆளும் விதித்தல், விலக்கல் என்னும் இணை செயலை நோக்கியது. வழக்குச் சொற்களிலும் வேறுபாடு உண்டு. 'பரிந்து பேசுதல்' அன்பையும், அரபு மூலமுடைய 'வக்காலத்து வாங்குதல்' பெரும்பாலும் ஏளனத்தையும் உணர்த்துகின்றன. 'உடன்கட்டைக்காக வாதிடுபவர்' என நான்காம் வேற்றுமையோடு 'ஆக' சேர்த்துப் பெயர்ப்பின், அவ்வழக்கம் ஒருவருக்கு நன்மை தருவது போன்ற சாயல் தோன்றக்கூடும்.

எனவே, இராம்மோகனின் வங்காள மூலத்தைத் தமிழாக்குவோர்க்கு 'ஏவுவோர், விலக்குவோர்' என்னும் இணை பொருந்தும்; ஆங்கிலப் பெயர்ப்பினின்று தமிழாக்குவோர்க்கு 'சார்ந்து பேசுவோர், எதிர்ப்போர்' என்பது பொருந்தும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின், ஒரு பெண்ணைத் தீயில் ஏற்றத் தூண்டும் சொல்லுக்கும் அவை நடுவே எடுத்துரைக்கும் வாதத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு மறைந்துவிடும். அவ்வேறுபாட்டைக் காத்தல் மொழிபெயர்ப்போரின் கடமையாகும்.