கடை என்னும் வாசல்

இலங்கை மலையகத்தில், ஹட்டனின் பிரதான வீதியிலும் நுவரெலியாவின் பஸ் நிலையத்தைச் சுற்றியும் உணவு விற்கும் இடங்களின் பெயர்ப்பலகைகளில் ‘ஹோட்டல்’ என்ற சொல்லே மிகுதி. தங்குவதற்கு ஓர் அறைகூட இல்லாத இடமும் ஹோட்டல்தான். ஆனால் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து வயிறாறித் திரும்பும் மக்களின் பேச்சில் உறுதியாக நிற்பது ‘கடை’ என்ற சொல். தேத்தண்ணிக் கடை, சாப்பாட்டுக் கடை, சைவக் கடை என்று அடைமொழி மாறும், கடை மாறாது. வெளியில் வாங்கிய சோறு ‘கடைச்சாப்பாடு’. வீட்டில் உலை வைக்காத நாளில் ‘கடையில சாப்பிட்டாச்சு’. அரிசி, மண்ணெண்ணெய், துணி விற்கும் இடத்துக்கும் இதே சொல்தான் என்பதால், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. பசித்தவர் நிற்கும் வாசலைக் குறித்த ஒரு பழஞ்சொல், பசித்தவர் காசு கொடுத்து உட்காரும் இடத்தின் பெயராக மாறிய வரலாறு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அந்த மாற்றத்தின் முழு எடையையும் உணரத் தகுந்த இடம் மலையகம். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

சங்க இலக்கியத்தில் ‘கடை’ வாசலையும் குறிக்கிறது, முடிவையும் குறிக்கிறது. பெரிய வீட்டின் உயர்ந்த வாயில் ‘நெடுங்கடை’. விற்பனை நடக்கும் இடத்துக்கு அங்காடி, ஆவணம் என்ற வேறு சொற்கள் இருந்தன. பகலில் கூடியது நாளங்காடி, இரவில் கூடியது அல்லங்காடி. புறநானூற்றில் ‘கடைநிலை’ என்றொரு துறை உண்டு. வறுமையோடு வந்த புலவர் வள்ளலின் வாசலில் நின்று தம் வரவைத் தெரிவிக்கும் நிலை அது. ஆக, உணவோடு இந்தச் சொல்லுக்கு உள்ள உறவு மிகப் பழையது. அப்போது அது கேட்டு நிற்கும் இடமாக இருந்தது. வாசல் என்ற பொருள் ஏட்டோடு மடிந்துவிடவும் இல்லை. வீட்டின் பின்பக்கத்தை இன்றும் ‘புழக்கடை’ என்கிறோம். அது ‘புறக்கடை’யின் திரிபு; பின்வாசல் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘முடிவு’ என்ற கிளை கடைசி, கடைக்கண் ஆகியவற்றில் வாழ்கிறது. அதே கிளை இன்று ‘கடைநிலை ஊழியர்’ என்ற தொடரில் படிவரிசையின் அடியில் இருப்பவரைச் சுட்டுகிறது. வாசலில் நின்ற புலவரைக் குறித்த தொடரே, வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டவரையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாசலைக் குறிக்கும் கடையும் விற்குமிடத்தைக் குறிக்கும் கடையும் தற்செயலாக ஒலி ஒத்த இரு சொற்களாக ஏன் இருக்கக் கூடாது? கேட்க வேண்டிய கேள்விதான். ஒலி ஒப்புமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஜப்பானிய மொழியில் தேநீர்க் கடையைக் குறிக்கும் ‘சாயா’ என்ற சொல்லே சான்று. மலையாளிகளும் தமிழ் முஸ்லிம்களில் பலரும் தேநீரைச் ‘சாயா’ என்பதால் இரண்டையும் ஒரே சொல்லென்று கொள்ளத் தோன்றும். ஜப்பானியச் சொல்லில் ‘சா’ என்பதே தேநீர். ‘யா’ என்பது வீடு, கடை. நம் சாயாவோ பாரசீகச் ‘சாய்’ வழி வந்தது. சீனத்துச் ‘சா’ இரண்டுக்கும் பொது மூலமென்றாலும் பின்பாதிக்கு உறவில்லை. எனவே ஒலி மட்டும் போதாது. பொருள் நகர்ந்த பாதையையும் காட்டியாக வேண்டும். கடைக்கு அந்தப் பாதை தெளிவாகவே தெரிகிறது. வீட்டின் முன்வாசலில் பண்டத்தைப் பரப்பினால் வீடு விற்குமிடமாகிறது. வாங்க வருபவர் அதற்கு மேல் உள்ளே போவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஜப்பானில் கடை வாசலில் ‘நோரென்’ என்ற துணி தொங்கும். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள்; கடையின் நற்பெயரையே நோரென் என்பதும் உண்டு. விற்பனையை ஊருக்கு அறிவிப்பது எங்கும் வாசல்தான். ஜப்பானியர் அந்த இடத்துக்கு வீட்டின் பெயரைக் கொடுத்தார்கள், தமிழர் வாசலின் பெயரைக் கொடுத்தார்கள்.

விற்குமிடம் என்ற பொருள் ஊன்றிய பிறகு சொல் கடல் கடந்தது. சிங்களத்தில் அது ‘கடே’. மலாய் மொழியில் ‘கெடாய்’. சாப்பாட்டுக் கடை அங்கே ‘கெடாய் மாக்கான்’. இரண்டும் தமிழ் வணிகரின் பாதையில் போனவை. இலங்கையில் இந்தச் சொல் தனியாகப் போகவில்லை; கூடவே தோசையும் வடையும் ஆப்பமும் முதலாளியும் சிங்களத்துக்குள் புகுந்தன. சிங்களத்தின் ‘கோப்பி கடே’ தனிக் கவனத்துக்குரியது. ஐ.டி.என் தொலைக்காட்சியில் 1987இல் தொடங்கி நெடுங்காலம் ஓடிய கிராமியத் தொடருக்கும் அதுவே பெயர். தேயிலையால் உலகப் பெயர் பெற்ற நாட்டில், தேநீர் குடிக்கும் கிராமத்துக் கடை கோப்பியின் பெயரைச் சுமப்பது ஏன் என்று வியக்க வேண்டியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நடும் வரை மலைகள் கோப்பிக்கு உரியவையாக இருந்தன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தது. செடி போனது, சொல் தங்கிவிட்டது. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியபோது மலையை ஆளத் தொடங்கியிருந்தது தேயிலை. அந்த ரயிலையும் தேயிலையையும் நம்பி வளர்ந்த நகரத்தின் கடைகளில் தமிழருக்கு வாய்த்த பெயர் தேத்தண்ணிக் கடை.

கடைக்குள் நுழைந்து அங்குள்ள பொருள்களின் பெயர்களைக் கேட்டால் வேறொரு வரலாறு தெரியும். மேசை போர்த்துக்கேயச் சொல், உட்காரும் வாங்கும் அப்படியே. தமிழ்நாட்டார் பிரெட் என்பதை நாம் பாண் என்கிறோம், அதுவும் போர்த்துக்கேயம். அதே போர்த்துக்கேயர் வழியாகவே ஜப்பானியரும் இன்றுவரை அதைப் ‘பான்’ என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் ஆகியவையும் குடிக்கும் பிளேன்டீயும் ஆங்கிலம் வழி வந்தவை. பலகையிலுள்ள ஹோட்டலோ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. இத்தனை வரவுகளையும் தன் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடத்தின் பெயராகத் தமிழில் நிலைத்தது கடை. உண்ணும் இடங்களின் பெயர்கள் பல மொழிகளிலும் ஈகையிலிருந்தும் விருந்தோம்பலிலிருந்தும் பிறந்தவை. ஜப்பானிய நகரங்களில் எளிய மக்கள் தட்டேந்தி உண்ணும் சாதாரண உணவகம் ‘ஷொக்குதோ’. அதே எழுத்துகளை ‘ஜிகிதோ’ என்று படித்தால் பௌத்த மடத்துத் துறவிகளின் உணவுக்கூடம். அநுராதபுரத்தின் மகாபாலி அன்னசாலையும் அவ்வகையே. ஹோட்டல் என்ற சொல்லும் விருந்தினரை ஏற்கும் இல்லத்தைக் குறித்த லத்தீன் மூலத்தில் பிறந்தது. ஹாஸ்பிட்டல் அதன் உடன்பிறப்பு. நம் சத்திரமும் அறச்சாலையும் சோறு இட்டவரின் பெருமையைப் பேசுகின்றன. கடை அப்படியன்று. இடுபவரைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. வருபவர் நிற்கும் இடத்திலிருந்து உருவான சொல் அது.

கடையில் நடக்கும் பழக்கமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. ஜப்பானின் பல எளிய உணவகங்களில் வாசலிலுள்ள இயந்திரத்தில் காசு போட்டு உணவுச் சீட்டு எடுத்த பிறகே தட்டு வரும். இலங்கைக் கடையில் கேட்கும் முன்பே வடையும் ரோல்ஸும் நிறைந்த ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். விரும்பியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம். எழும்பும்போது சாப்பிட்டதை எண்ணிக் காசு. முன்னது நேர்த்தியான ஏற்பாடு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பின்னது வருபவரின் சொல்லை நம்பும் ஏற்பாடு. ‘ரெண்டு வடை, ஒரு டீ’ என்று அவர் சொன்னால் அதுவே கணக்கு. தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் அவருடைய சொல் கணக்காக எடுக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சிறு வழக்கத்தின் பெறுமதி புரியும். கொழுந்தின் நிறையைத் தராசு சொன்னது, நாள் வேலைக்கான பேரைக் கணக்கப்பிள்ளை போட்டார், ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவரைக் கங்காணி எண்ணினார்.

தோட்டத்தின் உணவு ஒழுங்கும் அப்படித்தான் இருந்தது. கூலியின் ஒரு பகுதி அரிசியாக அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பது உண்பவரின் தீர்மானமாக இருக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. தோட்டம் தனியார் நிலமானதால் வெளியார் அனுமதியின்றி நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பது மலையக வரலாற்றில் பலரும் எழுதிய செய்தி. அவர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது ஹட்டனில். தோட்டத்தின் எல்லைக்கு அப்பால், துரையின் கண்ணுக்கு எட்டாமல் நாலு பேர் கூடிப் பேசும் வாய்ப்பை நகரம்தான் தந்தது. நகரத்தில் சம்பள நாளில் தொழிலாளிக்குத் திறந்திருந்த வாசல் கடை. தேத்தண்ணிக் கடையில் சங்கம் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. அளந்து போடப்பட்டதை உண்டவர், தனக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கி உண்ணும் உரிமையை அங்கேதான் பழகினார் என்பதே என் வாதம். படிவரிசையில் கடைநிலையில் வைக்கப்பட்டவர் கடையில் உட்கார்ந்தார், தொழிலாளி வாடிக்கையாளரானார்.

இது கடையை அளவுக்கு மீறிப் புகழ்வது என்ற மறுப்புக்கு வலுவான சான்றுகள் உண்டு. முதலாவது, கங்காணிமார் நடத்திய தோட்டக் கடைகள் தொழிலாளியைக் கடனில் அமிழ்த்தின. பற்று வைத்து வாங்கிய பொருள் அடுத்த சம்பளத்தையும் முன்கூட்டியே தின்றுவிட்டது. இரண்டாவது, கடை எல்லாருக்கும் திறந்த வாசலாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். உள்ளே உட்காரவும் மற்றவர் குடிக்கும் பாத்திரத்தில் குடிக்கவும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் போராட்டம் ஓயவில்லை. அதே 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். இந்தச் சான்றுகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர் எதற்காகப் போராடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே உட்காருவதில் மதிப்பு இல்லையென்றால் அதற்காக யாரும் அடிபட்டிருக்க மாட்டார்கள். வாசலில் நிற்பதற்கும் உள்ளே அமர்வதற்கும் உள்ள தூரமே அந்தப் போராட்டங்களின் பொருள்; கடை என்ற சொல்லின் இரு பொருள்களுக்கு இடையேயுள்ள தூரமும் அதுவே. தோட்டக் கடையின் கடனையும் இப்படியே பார்க்க வேண்டும். அங்கே தொழிலாளியை அமிழ்த்தியது கொடுக்கல் வாங்கல் மட்டுமாக இருந்திருந்தால் வேறு கடைக்குப் போய்த் தப்பியிருக்கலாம். ஆளை வேலைக்குச் சேர்த்தவரே பண்டமும் விற்றார், கணக்கும் எழுதினார் என்பதே பொறி. வேறு கடை இருப்பதுதான் அதற்கு மாற்று.

வாசலில் நிற்பதற்கும் உள்ளே அமர்வதற்கும் இடையேயுள்ள அந்தத் தூரம் ஒருமுறை கடந்ததும் முடிந்துபோவதில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது தோட்டங்களில் பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. வேலையும் உணவும் இழந்தவர்கள் மலைநாட்டு நகரங்களுக்கு வந்து கையேந்தினார்கள். தன் காசில் தேத்தண்ணி குடித்துப் பழகிய சமூகம் மீண்டும் வாசலில் நிற்க நேர்ந்தது. சொல்லின் பழம்பொருள் உயிரோடு திரும்பிவந்த காலம் அது. கடை என்பது விற்குமிடம் மட்டுமே என்று எழுதும் அகராதி இந்த அனுபவத்தைத் தவறவிடும்.

கடைசி மறுப்பு மொழிப்பற்றிலிருந்தே வருகிறது. ஹோட்டல் வேண்டாமென்றால் ‘உணவகம்’ என்ற நல்ல தமிழ் இருக்கிறதே, ‘கடை’ என்பது மட்டமாக ஒலிக்கிறதே என்பார்கள். உணவகம் பிழையற்ற, அழகான ஆக்கம். அழைப்பிதழுக்கும் அரச அறிவித்தலுக்கும் பொருந்தும். ஆனால் அது நேற்றைய சொல். அதற்கு உண்ணும் இடத்தைத் தெரியும். உண்ண வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாது. மட்டமாக ஒலிக்கிறது என்ற உணர்ச்சிக்குக் காரணமும் சொல்லில் இல்லை. கடை என்று சொன்னவர்கள் தோட்டத்து மக்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே பெயர்ப்பலகை எழுதுவோரும், மலையகத் தமிழுக்குச் சொல் தொகுப்போரும், பாடநூல் ஆக்குவோரும் தேத்தண்ணிக் கடையையும் சாப்பாட்டுக் கடையையும் கொச்சை என்று ஒதுக்காமல் முழுத் தகுதியோடு பதிவு செய்ய வேண்டும். வாசலில் நின்றவரின் பெயரையும் உள்ளே அமர்ந்தவரின் பெயரையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி, தன் எளிய மக்களின் வரலாற்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.