விடிந்தால் விலைபோகாத சரக்கு

கோவளத்தில் படகுகள் கரையேறும் நேரத்தில் மணலில் நின்று பார்த்திருக்கிறேன். வலையை உதறி மீன் குவிந்ததும் ஏலம் தொடங்கிவிடும். சங்கரா ஒரு குவியல், நெத்திலி ஒரு குவியல், வஞ்சிரம் கிடைத்திருந்தால் அது தனி. முதல் படகு வந்தபோது இருந்த விலை நாலாவது படகு வரும்போது இருக்காது. வெயில் ஏற ஏற இறங்கும். சென்னைக்குப் போகும் வண்டி கிளம்பிவிட்டால் கேட்க ஆள் குறைந்து இன்னும் இறங்கும். கடல் பொய்த்த நாளில் ஒரே ஒரு படகு மீனோடு வந்தால், அதே சங்கரா நேற்றைப்போல் இரண்டு மடங்கு விலைக்குப் போகும். அங்கே யாரும் இதை அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சரக்கு கெடும், கெடுவதற்குள் கைமாற வேண்டும்.

அதே கரையில்தான் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. 1752-ல் கிளைவ் அதைப் பிடித்தார். கோட்டையின் சுவடுகள் இருந்த இடத்தில், 1970-களில், தாஜ் குழுமம் கடற்கரை விடுதி ஒன்றைக் கட்டி மீனவர்களையே நினைவூட்டும்படி ஃபிஷர்மேன்ஸ் கோவ் என்று பெயர் வைத்தது. இன்று முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் எத்தனையோ ரிசார்ட்டுகள். அவை விற்பது அறையை என்று நினைக்கிறோம். அறை அங்கேயேதான் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். விற்பனைக்கு இருப்பது ஓர் இரவு. விடுதிக்காரர்கள் அதை ‘ரூம் நைட்’ என்பார்கள். செவ்வாய்க்கிழமை இரவு 40 அறை காலியாகக் கிடந்தால், அந்த 40 இரவுகளைப் புதன்கிழமை விற்க முடியாது. விற்காத மீனைக் கீறி உப்புப் போட்டுக் கருவாடாக்கலாம். அறைக்கு ஐஸ் பெட்டியும் இல்லை, கருவாடும் இல்லை.

இது தெரிந்தும் விடுதிகள் வெகுகாலம் விலையை அசைக்கவே இல்லை. ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் கட்டணப் பட்டியல் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். சீசனுக்கு ஒரு விலை, ஆஃப் சீசனுக்கு ஒரு விலை. ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்கள் நமக்கு சீசன். சித்திரை வெயில் ஆஃப் சீசன். அச்சடித்த அந்த அட்டையைத் தாண்டி ஏதாவது குறைய வேண்டுமென்றால் மேனேஜரைத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று மாறும் இன்றைய அறைக் கட்டணம் எங்கிருந்து வந்தது? மணலில் நடக்கும் ஏலத்தைப் பார்த்து விடுதி கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு ஆகாயத்தில் பிறந்து, அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு, கோவளத்துக்கு வந்து சேர்ந்தது.

1970-களின் தொடக்கம். பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனம், 21 நாள் முன்னதாகச் சீட்டு வாங்குபவர்களுக்குச் சலுகை விலை வைத்திருந்தது. காலியாகப் பறக்கும் இருக்கைகளை நிரப்பத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சலுகையில் எல்லா இருக்கையும் தீர்ந்துவிட்டால், கடைசி நேரத்தில் முழு விலையோடு ஓடிவரும் வியாபாரிக்கு இடம் இருக்காதே! எத்தனை இருக்கையைச் சலுகையில் விடலாம், எத்தனையைப் பிடித்து வைக்கலாம்? அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் அதற்கு ஒரு விதி எழுதினார். மாறும் விலைக் கணக்கின் பிள்ளையார் சுழி அதுதான் என்பேன்.

விதி மிக எளிது. அதைக் கோவளத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு சனிக்கிழமை இரவு, மிச்சமிருப்பது ஓர் அறை. இரண்டு மாதம் முன்பே ஒரு சுற்றுலாக் குழு அதை 6,000 ரூபாய்க்குக் கேட்கிறது. கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பம் 12,000 தரும். ஆனால் அந்தக் குடும்பம் வருமா என்பது நிச்சயமில்லை. பத்துக்கு ஆறு முறை வரும் என்றால், 12,000-ல் பத்தில் ஆறு பங்கு 7,200. கையில் இருக்கும் 6,000-ஐவிட அது பெரிது, ஆகவே குழுவிடம் ‘இடமில்லை’ என்று சொல்லலாம். பத்துக்கு நாலு முறைதான் என்றால் 4,800. அப்போது யோசிக்காமல் குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். காத்திருப்பதன் மதிப்பைக் காசில் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் லிட்டில்வுட்டின் சாதனை. ஏலத்தில் நிற்கும் அக்கா ‘இன்னும் ஒரு படகு வரட்டும்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்த நிதானத்துக்கும் இதுதான் சமன்பாடு.

ஆனால் அந்தப் ‘பத்துக்கு ஆறு’ எங்கிருந்து கிடைக்கும்? மீன் விற்பவருக்கு அனுபவம் சொல்லும். தினம் ஆயிரக்கணக்கில் பறக்கும் விமானங்களுக்கு யார் சொல்வது? பழைய பதிவுகள் சொல்ல வேண்டும். அவற்றைப் படிக்க இயந்திரம் வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் சேபர் என்ற கணினி முன்பதிவு முறை 1960-களிலிருந்தே இருந்தது. அங்கே சந்தைப் பிரிவில் இருந்து தலைமைக்கு உயர்ந்த ராபர்ட் கிராண்டல், 1977-ல் சூப்பர் சேவர் என்ற சலுகைக் கட்டணத்தைக் கொண்டுவந்தார். 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புது நிறுவனம் அடிமட்ட விலையில் பறக்கத் தொடங்கி, பழைய நிறுவனங்களின் வயிற்றைக் கலக்கியது.

கிராண்டல் எல்லா இருக்கையின் விலையையும் குறைத்துப் போட்டியிட்டிருந்தால் அவர் கம்பெனியே கரைந்திருக்கும். 1985 ஜனவரியில் அவர் சில இருக்கைகளுக்கு மட்டும் எதிரியின் விலையை வைத்தார். அவற்றைச் சுற்றி வேலி போட்டார்: முன்கூட்டியே வாங்க வேண்டும், சனிக்கிழமை இரவு போன ஊரில் தங்கித்தான் திரும்ப வேண்டும். விடுமுறைக்குப் போகும் குடும்பம் அந்த வேலியைத் தாண்டி உள்ளே வரும். வெள்ளிக்கிழமை வீடு திரும்பத் துடிக்கும் அதிகாரி வரமாட்டார், முழு விலை கொடுப்பார். எந்த விமானத்தில் எத்தனை இருக்கையை வேலிக்குள் விடுவது என்று டைனமோ என்ற கணினி முறை தினமும் கணக்குப் போட்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. 1986-ல் அது வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இந்த முறையால் மூன்று ஆண்டுகளில் கிடைத்த பலன் 140 கோடி டாலர் என்று அமெரிக்கன் பிறகு கணக்குச் சொன்னது. கிராண்டல் இதற்கு வைத்த பெயரில் வயல்வாசனை அடிக்கிறது: விளைச்சல் மேலாண்மை. ஒரு விமானம் என்பது ஒரு காணி நிலம். அதில் எவ்வளவு விளைந்தது என்பதே கேள்வி.

விமானத்திலிருந்து விடுதிக்கு இதைக் கொண்டுவந்த நிறுவனங்களில் முதன்மையானது மேரியட். அவர்களுக்கும் அதே தலைவலி: நாளை செத்துப்போகும் சரக்கு, முன்னால் வரும் மலிவு விலைக்காரர், பின்னால் வரும் முழு விலைக்காரர். ஆனால் விமானத்தில் இல்லாத ஒரு முடிச்சு விடுதியில் உண்டு. விருந்தாளி ஓர் இரவோடு போவதில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் ஒருவர் கேட்கிறார், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று இரவுக்கு இன்னொருவர் கொஞ்சம் குறைந்த விலையில் கேட்கிறார். சனிக்கிழமை எப்படியும் நிறையும். நிறையாத வெள்ளியையும் ஞாயிறையும் இழுத்துக்கொண்டு வருபவர்தான் பெரிய விருந்தாளி. அறைவிலையோடு தங்கும் நாளையும் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது. புத்தாண்டு இரவுக்கு அறை கேட்டால் ‘குறைந்தது இரண்டு இரவு’ என்கிறார்களே, அதன் பூர்வீகம் இது. மேரியட்காரர்கள் விளைச்சல் என்ற சொல்லை விட்டு வருவாய் மேலாண்மை என்று அழைத்தார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. 1990-களில் இதனால் ஆண்டுக்கு 15 முதல் 20 கோடி டாலர் கூடுதலாக வருகிறது என்று அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இந்தக் காலத்தில்தான் விடுதிகளின் கண்ணும் மாறியது. அதுவரை மேனேஜர் காலையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை அறை நிறைந்தது என்பது. இல்லாவிட்டால், சராசரி என்ன விலைக்குப் போனது என்பது. இரண்டும் தனித்தனியே பொய் சொல்லும். 100 அறை விடுதியில் 60 அறை 8,000 ரூபாய்க்குப் போனால் 4 லட்சத்து 80 ஆயிரம். 85 அறை 6,000-க்குப் போனால் 5 லட்சத்து 10 ஆயிரம். மொத்தத்தை விற்காத அறைகளையும் சேர்த்து வகுத்தால் முதலாவதில் 4,800, இரண்டாவதில் 5,100. ரெவ்பார் என்று தொழிலில் புழங்கும் எண் இதுதான். விலையைக் குறைத்தவர் ஜெயித்ததுபோல் தெரிகிறது. ஆனால் கூடுதலாக நிறைந்த 25 அறைக்குச் சலவை, சோப்பு, காலைச் சிற்றுண்டி, ஏசி மின்சாரம் என்று அறைக்கு 800 ரூபாய் வைத்தாலும் 20,000 போய்விடும். மிஞ்சுவது 10,000. அதற்காக ஹவுஸ்கீப்பிங் பெண்கள் 25 கட்டில்கள் அதிகமாக விரிக்க வேண்டும். ரெவ்பாரை மட்டும் பார்த்துக் கைதட்டும் கூட்டங்களில் இந்தக் கட்டில் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கோவளத்துக்கு வந்தபோது இந்தக் கலை நம் ஊர்ச் சட்டை போட்டுக்கொண்டது. வெளிநாட்டு மென்பொருளுக்கு வெள்ளி, சனி தெரியும், முகூர்த்தம் தெரியாது. இங்கே தேவையை அளக்கும் முதல் கருவி சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை வளர்பிறை முகூர்த்தமாக இருந்தால் அது சனிக்கிழமையைவிடக் கனமான நாள். நயன்தாரா–விக்னேஷ் சிவன் திருமணம் மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் நடந்தது 2022 ஜூன் 9. வைகாசி மாதம், வியாழக்கிழமை. ஒரு கல்யாணம் வந்தால் மொத்த அறையையும் ‘பிளாக்’ செய்வார்கள். அப்போது கேட்க வேண்டியது, கல்யாண வீட்டார் எவ்வளவு தருகிறார்கள் என்பது மட்டுமல்ல. அவர்களுக்காக நாம் திருப்பி அனுப்பப் போகும் தனி விருந்தாளிகள் எவ்வளவு தந்திருப்பார்கள்? விருந்துக்கும் மேடைக்கும் வரும் பணம் அந்த இழப்பை ஈடுகட்டுமா?

ஆடி பிறந்தால் மண்டபங்கள் ஓய்ந்துவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பழைய மாமல்லபுரம் சாலை உதவுகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு நேர்ச்சாலை; அந்தப் பக்கம் சிறுசேரியின் மென்பொருள் நிறுவனங்கள். அவர்களின் பயிற்சி முகாம்களும் குழுச் சந்திப்புகளும் வார நாள்களில் வரும், கல்யாணங்களும் குடும்பங்களும் வார இறுதியில் வரும். கைதேர்ந்த விற்பனைக்காரர் இந்த இரண்டையும் பின்னலாகப் பின்னுவார். காலையில் வந்து மாலையில் திரும்பும் ‘டே அவுட்டிங்’ கூட இந்தப் பின்னலின் ஓர் இழைதான். நீச்சல்குளமும் மதியச் சாப்பாடும் விற்றுவிடும், இரவு அறை அப்படியே மிச்சமிருக்கும்.

எந்தக் காலண்டரும் சொல்லாத நாள்களும் உண்டு. 44-வது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் இடம் மாறி, 2022 மார்ச்சில் சென்னைக்கு என்று முடிவானது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், நட்ட நடு ஆடியில்! முந்தைய ஆண்டுகளின் பதிவுகளைப் படித்த எந்தக் கணினியும் அந்த இரண்டு வாரத்தை மந்தமான நாள்கள் என்றுதான் சொல்லியிருக்கும். செய்தித்தாள் படிக்கும் மனிதர் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டியது இதனால்தான்.

நம் ஊரில் வரியும் ஒரு வேலி. இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; அதற்கு மேல் போனால் 18. ஆகவே 7,500 ரூபாய் அறைக்கு விருந்தாளி கொடுப்பது 7,875. விலையை வெறும் 100 ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் அவர் கொடுப்பது 8,968. விலையை நீர்போல ஏற்றி இறக்கலாம் என்று கற்றுவந்தவர் இந்த மதகில் வந்து முட்டிக்கொள்வார். அந்த மதகைத் தாண்டுவதென்றால் சிறிய தாவல் உதவாது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒரு விருந்தாளியின் மனத்தாங்கலையும் சொல்லாமல் விடமுடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ் டிக்கெட் தேடியவர்களுக்கு அது தெரியும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மக்களிடம் கேட்டார்கள்: பனி வாரும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்ற கடைக்காரர், பெரும்பனி விழுந்த மறுநாள் காலையில் 20 டாலராக்கினால் நியாயமா? 82 சதவீதத்தினர் அநியாயம் என்றார்கள். அப்படியானால் கோவளத்து மணலில் விலை இரண்டு மடங்கானபோது ஏன் யாரும் முகம் சுளிக்கவில்லை? அங்கே எல்லாரும் கூடையைச் சுற்றி நிற்கிறார்கள். எத்தனை படகு வந்தது, எத்தனை பேர் கேட்கிறார்கள், கடைசியாக யார் எவ்வளவு சொன்னார் என்பது எல்லார் கண்முன்னும் நடக்கிறது. விடுதியின் விலை மாறுவது திரைக்குப் பின்னால். பக்கத்து அறைக்காரர் தன்னைவிட 3,000 குறைவாகக் கொடுத்தார் என்பது காலைச் சிற்றுண்டி மேசையில்தான் தெரியவருகிறது, காரணம் தெரிவதில்லை.

காரணத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘முன்பணம் கட்டினால், ரத்து செய்ய முடியாதென்றால், இந்த விலை, கடைசி நாள்வரை மனம் மாறும் உரிமை வேண்டுமென்றால் அந்த விலை’ என்று வேலியை வெளியே தெரியும்படி போடும் விடுதியில் விருந்தாளி தானே தேர்ந்தெடுக்கிறார். அங்கே இரண்டு விலையும் அவருக்கு நியாயமாகப் படுகிறது. புயலுக்கு ஒதுங்கி வந்தவரிடம் மட்டும் எந்த விதியும் பேசக் கூடாது. லிட்டில்வுட்டின் விதி காத்திருக்கும் வாய்ப்புள்ளவர்களுக்காக எழுதப்பட்டது.

நள்ளிரவு தாண்டி விடுதியில் நைட் ஆடிட் நடக்கும். ரிசப்ஷனில் ஒருவர் மட்டும் விழித்திருந்து அன்றைய கணக்கை மூடுவார். விற்றவை ஒரு வரியில், விற்காதவை ஒரு வரியில். ஒரு பொத்தானை அழுத்தியதும் திரையில் தேதி மாறும். அந்த இரவின் காலி அறைகள் வெறும் எண்ணாகிவிடும். அவர் தேநீர் குடிக்க வெளியே வரும்போது, சுவருக்கு அப்பால் மணலில் டார்ச் வெளிச்சங்கள் அசையும். வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.