எங்க ஊரு ரயிலுக்கு டப்பிங் குடுத்தது யாரு?

டப்பிங், வெளிநாட்டு ரசிகர்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க நேரா ஜப்பானுக்குப் போயிடுவாங்க. 1998ல 'முத்து' அங்கே ஓடின கதை. அதை எல்லாரும் எழுதித் தீர்த்தாச்சு. (இத்தனைக்கும் அங்கே தியேட்டர்ல ஓடினது சப்டைட்டிலோட.) நான் சொல்ல வந்தது லவ்டேல் கதை. ஒரு மலையையே டப்பிங் பண்ணின கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

லவ்டேல்னு சொன்னா உடனே "லாரன்ஸ் ஸ்கூல்ல படிச்சியா?"ன்னு கேப்பாங்க. இல்லீங்க, 1858ல ஆரம்பிச்ச அந்த ஸ்கூலோட சுவருக்கு இந்தப் பக்கம் நாங்க. மலை ரயில்ல குன்னூர் தாண்டினா வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், அப்புறம் ஊட்டி. டூரிஸ்ட்டுக்கெல்லாம் 'அடுத்தது ஊட்டி'ன்னு பையை எடுத்து வைக்கிற ஸ்டேஷன். எங்களுக்கு அதான் ஊரு.

இப்ப கொசுவத்தி சுத்திக்கலாம். நான் ஆறாவது படிக்கும்போது டிவியில 'உயிரே' போட்டாங்க. படத்துல ஷாருக் கான் ஆல் இந்தியா ரேடியோ ஆளு. அஸ்ஸாம்ல ஹாஃப்லாங் ஸ்டேஷன்ல ராத்திரி மழையில மனீஷா கொய்ராலாவைப் பார்ப்பார். அடுத்து ரயில் கூரை மேல அந்தப் பாட்டு. அப்பா டம்ளரைக் கீழே வெச்சுட்டு கத்தினார். "டேய், நம்ம ரயிலுடா!" அதுக்கப்புறம் வீட்ல யாரும் கதையைக் கவனிக்கலை. எந்த வளைவு, எந்தப் பாலம்னு ஒரே சண்டை.

யோசிச்சுப் பாருங்க. ஷாருக் வாயைத் திறந்தா அரவிந்த்சாமி பேசறார். மனீஷா வாயைத் திறந்தா ரோகிணி பேசறாங்க. அதுல எங்க வீட்ல யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ரயில் அஸ்ஸாம்ல ஓடுதுன்னா மட்டும் நம்ப மாட்டோம்! உதடு பொருந்தாட்டி மன்னிச்சுடலாம், ஊரு பொருந்தாட்டி மன்னிக்க முடியாது போல.

எங்க மலைக்கு இது முதல் வேஷமும் இல்லை. 1984ல டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா' எடுத்தார். நாவல்ல வர்ற மராபார் குகைகளுக்கு மூலம் பீகார்ல கயா பக்கம் இருக்கற பராபர் குகைகள். ஆனா லீனுக்கு மலையேறுற ரயில் வேணும், பாலம் வேணும். நீலகிரிக்கு வந்துட்டார். விக்டர் பானர்ஜி பெட்டிக்கு வெளியே தொங்கிக்கிட்டே போவாரே, அது எங்க பாதைதான். லண்டன்ல பார்த்தவங்களுக்கு அது பீகார். தப்பு சொல்ல முடியாது. அவங்க கண்ணுக்கு 'இந்தியா' மாதிரி இருந்தா போதும்.

அடுத்தது 1992, 'ரோஜா'. காஷ்மீர்ல நிலவரம் சரியில்லாததால மணிரத்னம் குன்னூர், ஊட்டி, மணாலின்னு போய் எடுத்தார். இங்கேதான் நிஜ டப்பிங்கும் ஊர் டப்பிங்கும் ஒண்ணா மோதுது.

தமிழ் 'ரோஜா'வோட உயிர்நாடி தேசபக்தி இல்லைன்னு நான் சொல்லுவேன். பாஷை தெரியாததுதான் உயிர்நாடி. கிராமத்துப் பொண்ணு காஷ்மீர்ல வந்து நிக்கிறா. புருஷனைக் கடத்திட்டாங்க. போலீஸ்கிட்டயும் ராணுவத்துக்கிட்டயும் அதைச் சொல்லக்கூட அவகிட்ட ஒரு வார்த்தை இல்லை. கைடா வர்ற ஜனகராஜ்தான் அவளுக்கு நாக்கு. 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த தமிழ்நாட்டுல, அந்த முழியை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தியேட்டர்ல பாதிப் பேர் மனசுக்குள்ள அந்த இடத்துல நின்னு பார்த்திருப்பாங்க.

அதே படத்தை ஹிந்தியில டப் பண்ணினாங்க. அவளும் ஹிந்தி, ராணுவமும் ஹிந்தி. அப்புறம் எங்கே இருக்கு சுவர்? படத்தோட முதுகெலும்பையே உருவின மாதிரி. ஆனா வேடிக்கை பாருங்க, படம் விழலை. அங்கேயும் நல்லா ஓடுச்சு. ஏன்னா மிச்சம் இருந்ததை வெச்சு அவங்க வேற ஒரு படத்தைப் பார்த்துக்கிட்டாங்க. எரியற கொடி மேல அரவிந்த்சாமி விழற காட்சிதான் அவங்களுக்குப் படம். நமக்கு ஒரு பொண்ணோட கதை, அவங்களுக்கு ஒரு நாட்டோட கதை. ஒரே நெகட்டிவ்!

(ஊர்க்காரனுக்கு இன்னொரு தமாஷ். பாஷை தெரியாம அவ தவிக்கிற அந்தக் 'காஷ்மீர்'ல கொஞ்சம் குன்னூர் பக்கம். அங்கே பால்காரர்கிட்ட கேட்டிருந்தா தமிழ்லயே வழி சொல்லியிருப்பார். ஹிஹி.)

'தில் சே' கதை இதுக்குத் தலைகீழ். ஹிந்தியில எடுத்து தமிழுக்கு டப் ஆச்சு. 1998ல வந்தப்ப நம்ம நாட்டுல படம் சரியாப் போகலை. இங்கிலாந்துல பாக்ஸ் ஆபீஸ் முதல் பத்து இடத்துக்குள்ள நுழைஞ்ச முதல் இந்தியப் படம் அதுதான். என் கணக்கு இது: அங்கே பார்த்தவங்க பெரும்பாலும் நம்ம ஊர்ல இருந்து போய் செட்டில் ஆன குடும்பங்க. அவங்களுக்கு ஷாருக், ரஹ்மான், பச்சை மலை, ரயில். வடகிழக்குல என்ன பிரச்சினைங்கறது ரொம்ப தூரத்துச் செய்தி. இங்கே உக்காந்து பார்க்கறவனுக்கு அது ராத்திரி நியூஸ்.

தமிழ்ல பார்க்கறவனுக்கு இன்னும் ஒரு படி மேல. இடுப்புல குண்டு கட்டின பொண்ணைத் திரையில காட்டினா, நமக்கு அஸ்ஸாம் ஞாபகம் வராது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்தான் வரும். வசனத்தை மாத்தி எழுதலாம், அந்த ஞாபகத்தை மாத்தி எழுத எந்த டப்பிங் தியேட்டராலயும் முடியாது. 2006ல ஸ்பைக் லீ 'இன்சைட் மேன்' ஆரம்பத்துல அதே ரயில் பாட்டைப் போட்டார். நியூயார்க் தெரு ஓடுது, பின்னாடி பாட்டு. ரயிலும் இல்லை, குண்டும் இல்லை, அஸ்ஸாமும் இல்லை. தாளம் மட்டும் போய்ச் சேர்ந்துடுச்சு.

இதையெல்லாம் ஏன் இப்ப எழுதறேன்னா, போன மாசம் நடந்த விஷயம். பெங்களூர்ல பொட்டி தட்டுற பொழப்பு, ரூம்மேட் சில்சார்காரன். ஞாயித்துக்கிழமை 'தில் சே' போட்டோம். ரயில் வந்ததும் நான் பழக்க தோஷத்துல "எங்க ஊரு ரயிலு"ன்னேன். அவன் திரும்பிப் பார்த்துட்டு, "இல்லையே, எங்க ஊரு ரயில்"னான்.

நான் விடுவேனா? நீலகிரி மலை ரயில், 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுன்னு எல்லாத்தையும் எடுத்து விட்டேன். அவன் சண்டை போடலை. மெதுவா சொன்னான். அவங்கம்மா கல்யாணமாகி முதல் தடவை சில்சார் வந்தது ஹாஃப்லாங் மலைப்பாதை வழியா. லம்டிங்ல இருந்து பதர்பூர் வரைக்கும் போற பாதை, அப்ப அதுவும் எங்களை மாதிரி மீட்டர் கேஜ்தான். 2014ல அதை மூடிட்டு, அடுத்த வருஷம் அகலப் பாதை ஆக்கிட்டாங்க. இந்தப் பாட்டு டிவியில வந்தா அவங்கம்மா கைவேலையை அப்படியே விட்டுட்டு வந்து உக்காருவாங்களாம். அவங்களுக்கு அது கல்யாண ரயில். "நீ சொல்றது சரியா இருக்கலாம், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னான்.

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. இத்தனை வருஷமா எங்க மலைக்கு அடுத்தவங்க பேரை ஒட்டறாங்கன்னு ஒரு கடுப்பு இருந்தது. அந்தப் பொய்ப் பேரைப் பிடிச்சுக்கிட்டு எங்கேயோ ஒரு அம்மா, இப்ப இல்லாத ஒரு பாதையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு தோணவே இல்லை. டப்பிங் பாதி வேலையைத்தான் செய்யுது. மீதியைப் பார்க்கறவங்க தங்களோட ஞாபகத்தை வெச்சு செஞ்சுக்கறாங்க.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அவங்க ரயிலாவே இருக்கட்டும். ஒரு தடவை அந்தம்மாவை இங்கே கூட்டிட்டு வரச் சொல்லு, லவ்டேல்ல இருந்து ஏத்தி விடலாம்"னார்.

உங்க ஊரு எந்தப் படத்துல எந்த ஊரா நடிச்சிருக்கு? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: ரூம்மேட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த தைரியத்துலதான் எழுதினேன் :-)