கிளிஞ்சல் பூசிய பட்டணம்

பெரியபாளையத்தில் பவானியம்மன் கோயிலை ஒட்டிப் போகும் ஆரணியாறு வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல்தான். ஆடி ஞாயிறுகளில் வேப்பஞ்சேலை கட்டி வரும் கூட்டத்துக்கு, தாங்கள் நிற்பது ஆற்றங்கரை என்பதே மறந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால்தான் அது ஆறு. அப்போது செம்மண் கரைத்த தண்ணீரை இழுத்துக்கொண்டு கிழக்கே ஓடிப் பழவேற்காடு ஏரியில் விழும். ஏரிக்கு மறுபக்கம் கடல். ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் அந்தக் கழியில் மட்டியும் சிப்பியும் ஏராளமாக விளைந்தன. செத்ததுகளின் ஓடுகள் அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்து, மனிதர் வந்து தோண்டும்வரை காத்துக் கிடந்தன. கிளிஞ்சல் என்பார்களே, அதுதான்.

வெள்ளைக்காரன் கால பங்களா என்றதும் நம் கண்ணில் வருவது உயரமான தூண், அகன்ற வராந்தா, பளபளக்கும் வெள்ளைச் சுவர். அந்த வெள்ளை இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்ததில்லை. இப்படிப்பட்ட சேற்றிலிருந்துதான் வந்தது.

தோண்டி அலசிய கிளிஞ்சல் முதலில் போகும் இடம் காளவாய். கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைப்பார்கள். சூடு 900 டிகிரியை ஒட்டிப் போகும்போது ஓட்டுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான ஓடு எரிந்தால் 56 கிலோதான் மிஞ்சும், மீதி ஆகாயத்துக்கு. மிஞ்சியதில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொங்கி மாவாக உதிரும். இதுதான் நீற்றுதல். அந்த மாவைக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, அது இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஓடாகவே இறுகுகிறது. ஆக, பழைய சென்னையின் பெரிய வீடுகளில் குடியிருந்தவர்கள் ஒரு வகையில் சிப்பிக்குள்தான் குடியிருந்தார்கள்.

இந்த வித்தையை இங்கே யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழுந்தது 1636இல். கும்பினியார் சென்னப்பட்டணத்தில் காலூன்றியது அதற்கு மூன்று வருடம் கழித்து. கருங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் மேல் சுண்ணாம்பைத் தேய்த்துச் சலவைக்கல் போல ஆக்கத் தெரிந்தவர்கள் அப்போதே இருந்தார்கள். கும்பினியார் செய்தது அதற்குப் பெரிய சந்தையை உண்டாக்கியதுதான். சலவைக்கல் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அதே பளபளப்பு கொத்தனார் கூலியில் கிடைத்தது. அதற்கு ‘மெட்ராஸ் சுனாம்’ என்று பேர் வைத்து ஊரெல்லாம் புகழ்ந்தார்கள்.

புகழ்ச்சிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலை மூன்று பூச்சாக நடக்கும். முதல் பூச்சு அரை அங்குலக் கனம்: ஒரு பங்கு கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு மணல், குழைக்க வெல்லத் தண்ணீர். அது காய்ந்ததும் சலித்த சுண்ணாம்பும் வெள்ளை மணலும் சேர்த்து இரண்டாவது. இதில் வெல்லம் கிடையாது. மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. மிக மிருதுவான சுண்ணாம்பு நான்கு பங்கு, வெள்ளை மணல் ஒரு பங்கு, இரண்டையும் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைக்க வேண்டும். பிறகு ஒரு பறை கலவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, அரை ராத்தல் நெய், கால் கேலன் தயிர், கால் முதல் அரை ராத்தல் வரை மாக்கல் பொடி. ஆங்கிலேயர்கள் குறித்துவைத்த கணக்கு இது. பூசியதும் மழமழப்பான கல்லையோ பளிங்கையோ வைத்து, மாக்கல் பொடி தூவித் தூவித் தேய்க்க வேண்டும். சுவருக்கு வேர்க்கும். முத்து முத்தாக ஈரம் கசியும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்க்க வேண்டும். கசிவு நிற்க நாள்கணக்கில் ஆகும். அதற்குள் கையை எடுத்தால் பளபளப்பு போய்விடும். சுவர் தின்ற நெய்யிலும் தயிரிலும் ஒரு கரண்டியாவது தேய்த்த கைகளுக்குக் கிடைத்ததா என்று அந்தக் கணக்குகளில் இல்லை.

1780இல் சென்னைக் கரையில் இறங்கிய வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியருக்கு, வெள்ளைத் தூண் வரிசைகளைப் பார்த்ததும் அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம் நினைவுக்கு வந்திருக்கிறது. 1793இல் அச்சான தன் பயண நூலில் அதை எழுதியும் வைத்தார். அவர் கிரேக்கம் என்று பார்த்ததெல்லாம் உள்ளூர்ச் செங்கல்லும் கிளிஞ்சலும். கொஞ்ச காலத்தில் கவர்னர் எட்வர்ட் கிளைவ், திப்புவை வென்ற பெருமைக்கு ஒரு விருந்து மண்டபம் எழுப்பினார். வானாய்வுக்கூடத்தில் இருந்த கோல்டிங்ஹாம் போட்ட திட்டம் அது, 1802இல் முடிந்தது. கிரேக்கக் கோயில் மாதிரியே கட்டினார்கள். இன்று அது ராஜாஜி மண்டபம்.

இவ்வளவு சுண்ணாம்பும் பட்டணம் வந்து சேர வேண்டுமே. மணலும் கழியுமாக இருந்த கரையில் மாட்டுவண்டிக்குத் திணறல்தான். பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர்வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1806இல் அது ஓடத் தொடங்கியது. பிறகு பழவேற்காட்டுக்கு நீண்டது, 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. 1877–78 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டி முடித்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரைச் சூட்டினார்கள். விறகு, உப்பு, கிளிஞ்சல் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். இன்று அந்தக் கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களிடம், ஊர் வெள்ளையாக இருந்ததே இந்த வழியாகத்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சுவரின் மீதிப் பாதி செங்கல். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் இன்னும் சூளை புகைகிறது; ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் பலர் அங்கே கல் அறுக்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டுக் கூரைக்கு மெல்லிய தட்டைக் கல் வேண்டும். தேக்கு உத்தரங்களின் மேல் அதைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தட்டுவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது அதுதான். கனத்த சுவர், உயரமான கூரை, ஈரத்தை வாங்கி வெளியே விடும் பூச்சு: சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்ந்தது இந்த மூன்றாலும்தான். பழைய பங்களாவின் மேல் இன்னும் ஆசை போகாததற்கு ஜமீன்தார் கனவு பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இந்தக் குளிர்ச்சி. அந்த ஆசையில் தப்பில்லை.

கிளிஞ்சலின் கதையில் 1904 வேடிக்கையான வருடம். சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவிலேயே முதல்முதலாக சிமென்ட் செய்யச் சென்னையில் இறங்கியது. மூலப்பொருள் வேறெதுவும் இல்லை, கடற்சிப்பிதான்! முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் வேறொரு ஆலை ஜெயித்தது. அதன்பின் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. காலையில் பூசி மறுநாள் இறுகும் பொருள் கைக்கு வந்தபின், சுவரின் வேர்வையை ஒற்றிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்? சுண்ணாம்பு என்றால் பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளை, வெற்றிலையில் தடவும் துளி என்று சுருங்கிப்போனது.

பழைய வீடுகளை இடிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். கதவு விலை போகும், தூண் போகும், சாய்வு நாற்காலி, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைக் கொக்கி எல்லாம் போகும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாக அந்தக் கடைகள்தான். அங்கே வாங்கி வந்த சாமான்களை அடுக்குமாடி வரவேற்பறையில் நிறுத்தி, ‘காலனியல் லுக்’ என்று படமெடுத்துப் போடுகிறார்கள். வாங்க முடியாதது சுவர் மட்டும். இடித்தால் அது மாவாகிக் குப்பை லாரி ஏறிவிடும். அதனால் பிளாஸ்டிக் கலந்த புட்டியைத் தடவி, மேலே பளபளக்கும் பெயின்ட் அடித்து அதைப் போலவே செய்துகொள்கிறார்கள். பார்வைக்கு ஏமாறலாம், கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடக்கிறது. நிஜமான காரை வீட்டை வைத்திருப்பவர்கள் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பிவிடுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீர் உப்பைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் காரையையும் பெயர்த்துவிடும். நூறு வருடம் நின்ற சுவர், ஒட்டுப்போட்ட நாலைந்து மழைக்காலத்தில் பொத பொதவென்று உதிரும். அப்புறம், பழைய கட்டிடம் என்றாலே தொல்லை என்று இடிக்க ஒரு சாக்கு.

தெரிந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆற்காட்டு நவாபுக்காக 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை சரிந்து கிடந்தது. பொதுப்பணித் துறை அதை இடித்துத் தள்ளாமல், சுண்ணாம்புக் காரையைக் கொண்டே மீட்டெடுத்தது. ஆனால் காரைக்கு வேண்டிய கிளிஞ்சலைப் பழவேற்காட்டில் இஷ்டம்போல் தோண்டிய காலம் போய்விட்டது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலிருந்து பறவைகள் சரணாலயம். கலசமகாலில் இப்போது இயங்குவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த வழக்கை விசாரித்ததும் அந்த அமர்வுதான்.