முக்காலிக்குப் புதுப் பூச்சு

எங்கள் வீட்டுப் பரணில் நெடுங்காலம் கிடந்த சிறு முக்காலி ஒன்றைச் சென்ற கோடையில் கீழே இறக்கினோம். கடைசல் பிடித்த மூன்று கால்கள், வட்டமான பலாப்பலகை, ஒரு முழ உயரம். என் தந்தையார் அதன்மேல் விளக்கை வைத்துப் படிப்பது வழக்கம். புதிதாகப் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும் என் பேத்தி அதைக் கண்டதும் தனக்கே உரியதென்று உரிமை கொண்டாடினாள். அதற்கு வெள்ளை வண்ணம் பூசித் தரவேண்டும் என்பது அவளுடைய விண்ணப்பம்.

மறுநாட் காலையில் உப்புத்தாளும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்தேன். தேய்க்கத் தேய்க்கப் பச்சையின் கீழே மஞ்சளும், மஞ்சளின் கீழே வெள்ளையும் தோன்றின. பச்சை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1975-ஆம் ஆண்டில் என் தமக்கையின் திருமணத்திற்காகச் சன்னல் கம்பிகளுக்குப் பூசி எஞ்சிய வண்ணம் அது. டப்பாவில் எஞ்சியதை வீணாக்காமல் முக்காலிக்கோ மாடக் கதவுக்கோ பூசிவிடுவது அக்காலத்து இல்லங்களின் சிக்கனம். மற்ற இரண்டும் நான் பிறப்பதற்கு முந்தியவையாக இருக்கலாம். ஒரு குடும்பத்தின் வரலாறு ஏடு ஏடாகப் பிரிவதுபோல எனக்குத் தோன்றிற்று. அந்த மகிழ்ச்சியில் திரும்பிப் பார்த்தேன். அருகே குந்தியிருந்த குழந்தை, உதிர்ந்து கிடந்த தூளில் விரலால் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த விரல் வாயருகே சென்றபொழுதுதான், என்றோ படித்த ஒரு செய்தி எனக்கு நினைவுக்கு வந்தது. உடனே வேலையை நிறுத்திக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினேன். அந்தச் செய்தியையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மரத்துக்கு வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டும் அன்று. ஈரமும் வெயிலும் மரத்தை வெடிக்கவும் உளுக்கவும் செய்கின்றன. அவற்றைத் தடுக்கும் போர்வையே பூச்சு. நம் நாட்டுக் கடைசல்காரர் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டால் அரக்கு உருகி மரத்தில் படியும். கட்டிற்கால்களும் பொம்மைகளும் இவ்வாறே நிறம் பெற்றன. ஐரோப்பியரோ ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசினர். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகி, கெட்டியான தோலாக மாறும் இயல்புடையது. அதில் குழைத்த பொடிகளுள் தலைமை வாய்ந்தது ஈய வெள்ளை என்னும் காரீயக் கூட்டுப்பொருள்.

அதைச் செய்யும் முறை விந்தையானது. பதினேழாம் நூற்றாண்டு முதல் டச்சுக்காரர் கையாண்ட முறையில், மண்பானைகளில் புளிக்காடியை ஊற்றி, அதற்குமேல் காரீயச் சுருள்களை வைத்து, பானைகளைக் குதிரைச் சாணத்தில் அடுக்கடுக்காகப் புதைத்துவிடுவர். சாணத்தின் வெப்பமும், அதிலிருந்து எழும் கரியமிலவாயுவும், காடியின் ஆவியும் சேர்ந்து சில மாதங்களில் காரீயத்தை வெண்மையான பொருக்காக மாற்றிவிடும். அதை அரைத்து எண்ணெயில் குழைத்தால், அடியிலுள்ள நிறத்தை முற்றும் மறைப்பதும், நீண்டநாள் உரியாமல் நிற்பதுமான பூச்சுக் கிடைக்கும். பின்னர் வந்த குரோம மஞ்சளும் காரீயக் கூட்டே. அம்மஞ்சளோடு பிரஷ்ய நீலத்தைக் கலந்து செய்த பச்சை உலகெங்கும் கதவுகளிலும் சன்னல்களிலும் ஏறியது.

இத்தனை நற்குணமும் உடைய காரீயம் நஞ்சு என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், காரீயத் தொழிலாளரின் வெளிறிய முகத்தைச் சுட்டி, குடிநீருக்குக் காரீயக் குழாயினும் மண்குழாயே நலம் என்றார். 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, வண்ணக் கலைஞரின் நோய்களுக்கு அவர்கள் கையாளும் வண்ணங்களையே காரணமாகக் காட்டினார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1786-இல் தம் நண்பருக்குக் காரீயத்தின் தீமையைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். பயனுள்ள ஓர் உண்மை அறியப்பட்ட பிறகும், மக்கள் அதனை ஏற்றுப் பின்பற்ற எத்துணைக் காலம் ஆகிறது பாருங்கள் என்று அதன் முடிவில் வருந்தியிருக்கிறார். அவர் வருத்தம் பொய்க்கவில்லை என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் பிரிஸ்பேன். வெயில் மிகுந்த அவ்வூரில் மர வீடுகள் மிகுதி. வீட்டைச் சூழத் தாழ்வாரமும், அதற்கு வண்ணம் பூசிய மரக் கைப்பிடிச் சட்டமும் உண்டு. 1892-இல் டாக்டர் ஜெஃப்ரிஸ் டர்னரும் அவருடைய தோழர்களும் காரீய நஞ்சால் துன்புற்ற குழந்தைகளைப் பற்றி எழுதினர். சில குழந்தைகளுக்குக் கைகால்கள் தளர்ந்தன. நஞ்சு எவ்வழியாக வந்தது என்பதே புதிராக இருந்தது. 1904-இல் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் விடையைக் கூறினார். வெயிலில் காய்ந்த பூச்சு பொடியாகிறது. சட்டத்தைப் பற்றி விளையாடும் குழந்தையின் கையில் அப்பொடி ஒட்டுகிறது. விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வயிற்றுக்குள் செல்கிறது. குழந்தையின் கைக்கு எட்டும் இடங்களில் காரீய வண்ணத்தைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் 1922-இல்தான் பிறந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1921-இல், ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியிருந்தது. ஆயினும் அமெரிக்க நாடு வீட்டு வண்ணங்களில் காரீயத்தைத் தடைசெய்தது 1978-இல். நம் நாட்டில், வீட்டுப் பூச்சுகளில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்ற விதி 2016-இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கிப்சன் உரைத்த ஆண்டிலிருந்து எண்ணினால் 113 ஆண்டுகள்!

காரீயத்தை விட்டால் வேறு வெண்மை ஏது என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை கருமணலில் இருந்தது. 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார், ஓடையோரக் கருமணலை ஆராய்ந்து, அதில் ஒரு புதிய உலோகம் இருக்கக் கண்டார். டைட்டானியம் என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. அதன் ஆக்சைடு தூய வெண்மையானது. காரீயத்தின் நஞ்சு இல்லாதது. 1916-இல் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதனை வண்ணப்பொருளாகத் தொழிற்சாலைகளில் செய்யத் தொடங்கினர்.

அந்த வெண்மைக்கு மூலமான இல்மனைட் என்னும் கருமணல், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. அக்கரை முன்னர் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்தின் இல்மனைட் தேவையில் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர்க் கடற்கரையே நிறைவேற்றியது. மேனாட்டுக் குழந்தைகளின் தொட்டில்களுக்கு நஞ்சற்ற வெண்மையைத் தந்த மணல் நம் காலடியில் கிடந்தும், நம் முக்காலிகளின் மேல் காரீயம் தடையின்றி ஏறிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். காரீயம் சிறுகச் சிறுக உட்சென்றாலும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கவனத்தையும் கற்கும் ஆற்றலையும் குறைக்கும். இத்தனை அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. 'மந்தன்' என்ற சொல்லை எத்தனை பிள்ளைகளின் தலையில் எளிதாகச் சுமத்தினேன் என்பதை எண்ணும்போது மனம் கூசுகிறது. அவர்களுள் ஒருவனேனும் பொடி உதிரும் சன்னலருகே வளர்ந்தவனாக இருந்திருக்கக்கூடும். அதைக் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்நாளில் தோன்றவில்லை.

முக்காலி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பூச்சில் காரீயம் உண்டா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது, ஆய்வுக்கூடமே சொல்லும். அறியாதவரை, பழைய பூச்சை ஐயத்துக்கு உரியதாகக் கொள்வதே அறிவுடைமை. ஆகவே உலர்ந்த உப்புத்தாளை எறிந்தேன். தீயால் சுட்டு உரிப்பதும் ஆகாது. எழும் புகையும் நஞ்சாகும். குழந்தையை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் அணிந்து, கீழே பிளாஸ்டிக் விரிப்பை இட்டேன். பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று வழங்கும் தாளை நீரில் நனைத்து, தூள் பறக்காதவாறு மேலாக மட்டும் தேய்த்தேன். உறுதியாக ஒட்டியிருந்த பழைய பூச்சைக் கிளறவில்லை. சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுத்து விரிப்போடு சுருட்டிக் கட்டினேன். திண்ணையில் முதல்நாள் உதிர்ந்த தூளையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். உடுத்திய வேட்டியைத் தனியே துவைத்தேன். பின்பு, காரீயம் கலவாதது என்று டப்பாவில் குறித்திருந்த பிரைமர் ஒரு பூச்சும், வெள்ளை இரண்டு பூச்சும், ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபின் இட்டேன். ஒரு நாள் வேலை என்று தொடங்கியது ஆறு நாள் பிடித்தது.

நேயர்களின் வீட்டிலும் பாட்டன் காலத்து நடைவண்டியோ தொட்டிலோ முக்காலியோ இருக்கலாம். புதுப்பிக்க எண்ணினால், முதலில் குழந்தையை அப்பால் அனுப்புங்கள். அடுத்துத் தண்ணீரை எடுங்கள். அதன்பின் தாளைத் தொடுங்கள். விட்ருவியஸ் காலத்திலிருந்து அறிஞர் உரைத்துவரும் ஓர் உண்மை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இருபது நூற்றாண்டுகள் ஆயின. வாசலில் வந்து நிற்கும் அதை உள்ளே அழைத்துக்கொள்ள நமக்கு ஒரு நாள் போதும்.

என் பேத்தி இப்பொழுது அந்த வெள்ளை முக்காலியில் சிலேட்டை வைத்து 'ஆ' எழுதிக்கொண்டிருக்கிறாள்.